ஒத்துக்கொண்டவன்

1

இந்த ஊரில் துப்பாக்கி அட்டைப்பெட்டியில் வரும். ஒரே நாளில் முழுசாக வந்துவிடாது. ஒரு வாரம் குழல், ஒரு வாரம் கட்டை, இன்னொரு வாரம் சின்னச் சின்ன ஆணியும் ஸ்பிரிங்கும் போட்ட பிளாஸ்டிக் பை. முதல் பெட்டி வந்த அன்றைக்கு, மிக்சிக்கு நான் சொல்லிவைத்திருந்த ஜாடிதான் வந்துவிட்டது என்று நினைத்து, சந்தோஷமாகக் கத்திரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். உள்ளே எண்ணெய் வாடையோடு கறுப்பாக ஒரு இரும்புக் குழல். மாடியிலிருந்து இறங்கி வந்த என் மகன் அருண், "அம்மா, அது என்னோடது" என்று சொல்லிப் புதுச் சட்டையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டான்.

என்னடா இது என்று கேட்டதற்கு, ரைஃபிள் கட்டப் போகிறேன் என்றான். வீட்டிலேயே, கார் நிற்கிற கொட்டகையில்.

நான் டெக்சாஸுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. குண்டு பட்டு வந்தவர்களுக்கு எத்தனையோ முறை கட்டுப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி என்றதும் வாயைப் பொத்திக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அதே சமயத்தில் பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் என் தம்பி தேசப்பன் ஜாமீனில் வந்து உட்கார்ந்திருந்தான். என்ன வழக்கு தெரியுமா? துப்பாக்கி செய்த வழக்கு.

தம்பி உள்ளே போய் இந்த மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற உங்களில் சில பேருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

2

தேசப்பன் என்னைவிட எட்டு வயது சின்னவன். நைனா போனபிறகு அவனை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தும் இரும்பு வேலையில்தான் அவனுக்கு ஆசை. வெல்டிங் கற்றுக்கொண்டு காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தக்காரரிடம் சில வருஷம் வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாரையும் போல அவனையும் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து படகில் ஏறினான். மீன் கிடைக்கிற நாளைவிட வெறும் வலையோடு திரும்புகிற நாள் அதிகமாக இருந்தது. கடைசியில் ஏரியோரத்தில் ஒரு இறால் குட்டைக்குக் காவலாளாகப் போனான்.

இறால் குட்டைக்கு எதிரி மனுஷன் இல்லை, நீர்க்காக்கா. கல்யாணப் பந்திக்கு உட்காருவது போல வரிசையாக வந்து இறங்கிவிடும். தகரம் தட்டினால் இரண்டு நாள் பயப்படும், மூன்றாவது நாள் நம்மையே வேடிக்கை பார்க்கும். வெடி வாங்கிப் போட்டால் ஏரிக்காற்றில் நமுத்துப்போகும். குட்டை முதலாளியோ நஷ்டத்தையெல்லாம் காவல்காரன் தலையில் கட்டுகிற ஆசாமி. நம் ஆள் என்ன செய்தான்? பழைய இரும்புக் கடையிலிருந்து குழாயைக் கொண்டுவந்து தன் கையாலேயே ஒரு நாட்டுத் துப்பாக்கி பண்ணிவிட்டான். சுட்டால் சத்தம் வரும், பறவை பறக்கும். அதற்குமேல் அதற்கு உபயோகம் கிடையாது. அதை வைத்து அவர் ஒரு காக்காயைக்கூடக் கொன்றதில்லை என்று அவன் பெண்சாதி லோகு இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறாள்.

ஆனால் அது பறவைகளுக்கென்று காப்பாற்றி வைத்திருக்கிற ஏரி. வேறு எதையோ தேடி வந்த வனத்துறைக்காரர்கள் காவல் குடிசையின் கூரை இடுக்கிலிருந்து அதை உருவினார்கள். குட்டை முதலாளி எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். குப்பத்துக்குள் போலீஸ் ஜீப் வந்தது.

நான் இங்கிருந்து பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். நல்ல மனுஷன், போனில் பொறுமையாக விளக்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டிலிருந்து ஐந்து வருஷம். செய்ததாக நிரூபித்தால் ஏழு வருஷத்துக்குக் குறையாது, ஆயுள் வரைக்கும் போகலாம். அது காக்கா விரட்டுகிற குழாயா, ஆள் கொல்கிற ஆயுதமா என்று சட்டம் பார்க்காதாம். ஆனால் அந்தக் குடிசையில் மூன்று பேர் முறை வைத்துப் படுக்கிறார்கள், இவன் செய்ததைப் பார்த்த சாட்சி ஒருத்தரும் இல்லை, வைத்திருந்தான் என்று நிரூபிப்பதே போலீசுக்குப் பெரும்பாடு. "உங்க தம்பி வாயைத் திறக்காம இருந்தா போதும்மா. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வாயைத் திறக்காதே. எவ்வளவு சுலபமான வேலை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

3

அருண் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஏசி தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். யாரிடம் லைசென்ஸ் வாங்கினாய்? லைசென்ஸ் வேண்டாம். போலீசில் சொன்னாயா? சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் புகார் கொடுத்தால்? பக்கத்து வீட்டுக்காரன்தான் துளை போடுகிற மிஷினை இரவல் கொடுத்திருக்கிறான்.

பிள்ளை சளைக்காமல் விளக்கினான். ஒரு ரைஃபிளில் எத்தனை உருப்படி இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு நடுவில் இருக்கிற ஒரு துண்டுதான் துப்பாக்கியாம். நம்பர் பொறித்த அந்தத் துண்டை மட்டும் கடையில் போய், பேரைக் கொடுத்து, நீ யோக்கியனா என்று அவர்கள் விசாரித்த பிறகு வாங்க வேண்டும். மற்றதெல்லாம் வெறும் இரும்பு, வெறும் கட்டை. பெரிய குற்றத்தில் தண்டனை அடைந்தவன் தொடக் கூடாது. குழலைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வெட்டக் கூடாது. வெட்டினால் தனி அனுமதி வேண்டும். சில மாநிலத்தில் இதற்கு மேலும் கெடுபிடி உண்டு, நம்ம மாநிலத்தில் இல்லை என்றான். கடைசியில் சொன்னதுதான் முக்கியம்: "விக்கறதுக்குன்னு பண்ணா லைசென்ஸ் வேணும்மா. எனக்கே எனக்குனு பண்ணா தப்பு இல்ல."

நான் நம்பவில்லை. கூட வேலை செய்கிறவளின் புருஷன் வக்கீல், அவரிடம் கேட்டேன். பிள்ளை சொன்னது சரிதான், உங்களுக்கும் ஒன்று கட்டித்தரச் சொல்லுங்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டபோது ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா, ஆயுதம் ஏந்திய கூட்டத்தில் இருந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வலை பின்னத்தான் தெரியும் என்று சொல்ல ஆசையாக இருந்தது, பயந்துகொண்டு இல்லை என்று மட்டும் சொன்னேன். குடியுரிமை கிடைத்ததும் கொட்டகையில் நீயே பண்ணிக்கொள் என்கிறார்கள். என்ன நாடோ, என்ன சட்டமோ.

வேண்டாம்டா, உன் மாமன் அங்கே இதற்காகத்தான் கோர்ட்டுக்கு அலைகிறான், நீ இங்கே அதையே செய்தால் என் வயிறு எரியாதா என்று கெஞ்சினேன். அவன் கோபப்படவில்லை. அது அங்கே, இது இங்கே என்று மட்டும் சொன்னான். என் வீட்டுக்காரரும் அவன் பக்கம்தான். சட்டத்துக்கு உட்பட்டுச் செய்கிறான், விடு என்றார். விட்டேன்.

4

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாமனுக்கும் மருமகனுக்கும் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

அருணுக்குக் காது குத்தியது தேசப்பன் மடியில்தான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் கடல்தான் இருந்தது. ஊருக்குப் போன் பண்ணும்போது, மாமாகிட்ட பேசுடா என்று போனை அவன் காதில் அழுத்துவேன். "நல்லா இருக்கீங்களா? நல்லா இருக்கேன்" என்று இரண்டையும் அவனே சொல்லிவிட்டு ஓடிப்போவான். அந்தப் பிள்ளை இப்போது சனிக்கிழமை காலையானால் தானாகவே மாமனை வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தான். அங்கே சாயங்காலம். தேசப்பன் வீட்டு வாசலில் சேர் போட்டு உட்கார்ந்துகொள்வான். இவன் ஒவ்வொரு உருப்படியாக எடுத்துக் காட்டுவான். பேரெல்லாம் இங்கிலீஷ், நடுநடுவே உடைந்த தமிழ். அவன் பாதி புரிந்து பாதி புரியாமல், "தோ பார்றா, ராஜா கணக்கா கீது" என்று ரசிப்பான்.

நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என் பிள்ளை தமிழில் சிரிப்பதை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. துப்பாக்கி சனியனாக இருந்தாலும் இது ஒரு நல்லது பண்ணியதே என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். சில சனிக்கிழமை எனக்கு டியூட்டி இருக்கும். அந்த நாட்களில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

5

எங்கள் குப்பத்தில் எதற்கும் போலீசுக்குப் போகிற பழக்கம் கிடையாது. அடுத்தவன் வலையை அறுத்தது, ஏரியில் தன் முறை இல்லாத நாளில் வலை போட்டது, குடித்துவிட்டு அடித்தது என்று எதுவாக இருந்தாலும் ஊர்க் கூட்டம்தான். தப்பு செய்தவன் நடுவில் நின்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டு, ஊரைப் பார்த்து விழுந்து, தெண்டம் கட்டிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது. சண்டையில்கூடச் சொல்லிக் காட்டக் கூடாது. காட்டினால் காட்டியவனுக்குத் தெண்டம். ஊருக்கு முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்குத்தான் மன்னிப்பே கிடையாது. அவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவன் படகில் யாரும் ஏற மாட்டார்கள்.

குப்பத்துக்குள் ஜீப் வரவைத்ததற்காக தேசப்பன் மேல் கூட்டம் போட்டார்கள். நான்தான் பண்ணினேன் என்று நடுவில் நின்று சொன்னான், விழுந்தான், தெண்டம் கட்டினான். ஊரைப் பொறுத்தவரை விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படிக்கிற நாளன்று ஊர்த் தலைவரும் பெரியவர்களும் வேன் பிடித்துக்கொண்டு கூடப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை, பாசத்தில் போனார்கள். நம்ம பிள்ளை தனியாக நிற்கக் கூடாது என்று போனார்கள். கோர்ட் ஹாலின் பின்பக்கத்தில் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். தெண்டம் போட்டால் கட்டிவிடலாம் என்று ஊர்ப் பணத்தைத் தலைவர் துண்டில் முடிந்துகொண்டு வந்திருந்தாராம். இதைச் சொல்லும்போது லோகுவுக்கு விக்கலே வந்துவிட்டது.

ஜட்ஜ் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். தேசப்பன் வக்கீலைப் பார்த்தான். திரும்பி, பின்னால் நின்ற ஊரைப் பார்த்தான். "நான்தான் சாமி பண்ணேன்" என்றான்.

அந்த ஜட்ஜையும் குறை சொல்ல முடியாது. வக்கீலிடம் பேசிவிட்டு மத்தியானம் வந்து சொல் என்று அவகாசம் கொடுத்திருக்கிறார். வராந்தாவில் வக்கீல் இவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம். "ஊர்ல ஆமான்னு சொல்லிட்டு இங்க இல்லன்னு எப்டி சார் சொல்றது? ஊரே பின்னால நிக்குது" என்றானாம். பெரியவர்களும், சொல்லிடுப்பா, ஒத்துக்கினவனை யார் இன்னா பண்ணப் போறாங்க என்றுதான் சொன்னார்கள். அவர்கள் அறிந்த உலகத்தில் அது உண்மை.

மத்தியானம் நடந்ததை லோகு எனக்குப் போனில் சொன்னாள். அவள் குரலில் அழுகையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "அவர் திக்காம பேசினாரு அண்ணி. 'விக்கறதுக்குப் பண்ணல சாமி, எனக்கே எனக்குனு பண்ணேன். எனக்கே எனக்குனு பண்ணா தப்பு இல்ல'னு தெளிவா சொன்னாரு. சொல்லிட்டு அங்கயே நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு."

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். விற்பதற்கு என்றால் ஒரு மாதிரி, தனக்கு என்றால் ஒரு மாதிரி என்று பார்ப்பது நம் ஊர்ச் சட்டத்தில் கிடையாது. இரண்டுக்கும் பேர் செய்ததுதான். அது என் வீட்டுக் கொட்டகையில் பேசிய சட்டம். என் பிள்ளையின் வார்த்தை அப்படியே, அவன் வாயிலிருந்து எடுத்த மாதிரி, அந்தக் கோர்ட்டில் போய் விழுந்திருக்கிறது.

ஏழு வருஷம். அதற்குக் குறைத்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஜட்ஜ் எழுதினாராம். மேல்முறையீடு செய்யலாமா என்று வக்கீலைக் கேட்டேன். தானாக ஒத்துக்கொண்டவன் தண்டனையைக் குறை என்று மட்டும்தான் பொதுவாகக் கேட்க முடியும். கொடுத்திருப்பதே ஆகக் குறைந்தது, எதைக் குறைக்கச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

6

லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். குப்பத்தில் யாரும் என்னிடம் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. வாங்க, சாப்டீங்களா, அமெரிக்காவில் குளிரா என்று விசாரித்தார்கள். லோகு வீட்டு வாசலில் தினமும் யாராவது மீன் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவள் மகள் பள்ளிக்கூடம் போக ஆட்டோ ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள். ஆனால் அவன் பேரை ஒருத்தரும் எடுப்பதில்லை. மரியாதைதான். ஒத்துக்கொண்ட விஷயத்தை எடுக்கக் கூடாதல்லவா? "செத்தவங்களப் பத்தியாவது பேசுவாங்க அண்ணி" என்றாள் லோகு.

புழல் ஜெயிலில் மனுப் போட்டுக் காத்திருந்து தம்பியைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்து, தலை நரைத்து உட்கார்ந்திருந்தான். அழக் கூடாது என்று போனேன், அழுதேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டோமே பாவி என்று திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, அருண் ரைஃபிளை முடித்துவிட்டானா என்று விசாரித்தான். முடித்துவிட்டான் என்றேன். முகம் மலர்ந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கோர்ட்ல அப்டி சொல்லச் சொன்னது அவனாடா?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள நல்ல மனசோட சொல்லிச்சு யக்கா. 'பயப்படாதீங்க மாமா, உங்களுக்குனு பண்ணதுன்னு ஜட்ஜ் கிட்ட உண்மைய சொல்லுங்க, விட்ருவாங்க'ன்னான். அவன் சொல்லாட்டியும் நான் ஒத்துக்கினுதான் இருப்பேன்."

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

"தெரிய வாணாம். நீ சொல்லாத. நான் ஒத்துக்கினேன், முடிஞ்சுபோச்சு. இனிமே யாரும் அத்த எடுக்கக் கூடாது."

குப்பத்துச் சட்டத்தை அங்கேயும் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறான். எது முடிந்துபோச்சு, இன்னும் எத்தனை வருஷம் கிடக்கிறது என்று கத்த நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிட்டார்கள்.

7

இங்கே எல்லாம் பழையபடி நடக்கிறது. காலையில் வேலை, சாயங்காலம் சமையல், ஞாயிற்றுக்கிழமை லோகுவின் போன். தன் புருஷன் பேரைச் சொல்லிப் பேச உலகத்தில் அவளுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். அருண் ரைஃபிளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறான். மாமா வந்தபிறகு இரண்டு பேருமாகப் போய்ச் சுடலாம் என்கிறான். விசா கொடுப்பார்களா, அதற்குள் யார் இருப்போம் யார் போவோம் என்பதெல்லாம் அவன் யோசனையில் இல்லை.

சனிக்கிழமை காலையில் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறான். சில சமயம் வந்து கேட்பான், மாமா ஏன்மா ஒத்துக்கிட்டாங்க என்று. ஊர் வழக்கம்டா என்பேன். கோர்ட்டில் சரியாக என்ன சொன்னாங்க என்பான். எனக்கு ஞாபகமில்லை என்பேன். ஒரு முறை, நாம முன்னாடியே ஏதாவது சொல்லி இருக்கலாமோ என்று கேட்டான். சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? இப்போது இந்த வீட்டில் நானும் அதைத்தான் செய்கிறேன். அவனுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டான். தெரியாமல் அவன் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். அருண் இப்போதுதான் எதிரில் வந்து தட்டோடு உட்கார்ந்தான். "என்னம்மா எழுதற?" என்று கேட்டான். மாமாவைப் பத்தி என்றேன். எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். தமிழ் பேசுவானே தவிர ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. தமிழ் வகுப்பைப் பாதியில் விட்டதற்காக எத்தனையோ வருஷம் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"மாமா பேர் எங்க இருக்கு?" என்றான். விரலை வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என் பேரும் இருக்கா?"

இல்லை என்றேன்.